‘கிஃப்டட்’ வகுப்பில் இடமில்லை என்று கடிதம் வந்தால்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் பதிலளிக்கிறார்

கேள்வி: டீச்சர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் வடக்கு வர்ஜீனியாவில் வசிக்கிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கோயம்புத்தூரிலிருந்து வந்தோம். மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். தனித்திறன் உள்ள பிள்ளைகளுக்கான ‘கிஃப்டட்’ வகுப்புக்கு அவன் தகுதி பெறவில்லை என்று போன வாரம் கடிதம் வந்தது. பள்ளியில் வைக்கும் கோகாட் என்ற சிந்தனைத் திறன் தேர்வில் மொழிப் பகுதியில் 101, எண் பகுதியில் 131, படப் பகுதியில் 124, மொத்தம் 121. பக்கத்தில் ‘8ஈ (வி–)’ என்று போட்டிருக்கிறார்கள். அது என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. விண்ணப்பத்தோடு அபாகஸ் சான்றிதழ்களையும், மூன்றாம் வகுப்புக் கணக்குகளை அவன் போட்ட பயிற்சித்தாள்களையும் வைத்திருந்தோம்.

எங்கள் குடியிருப்பிலேயே இருக்கும் அவனுடைய நண்பனுக்கு இடம் கிடைத்துவிட்டது. தனக்கு ஏன் இல்லை என்று தினமும் கேட்கிறான். என் கணவர் விட்டுவிடலாம் என்கிறார். எனக்கு மனம் ஆறவில்லை. வீட்டில் மாமியார் இருப்பதால் தமிழ்தான் பேசுகிறோம். மார்கழியில் பாட்டி கோலம் போடும்போது கூடவே உட்கார்ந்து புள்ளிகளை எண்ணி, 5, 13, 25, 41 என்று நோட்டில் எழுதிவைத்தான். அடுத்த கோலத்துக்கு 61 புள்ளி வரும் என்று பாட்டியிடம் பந்தயம் கட்டி ஜெயித்தான். கெட்டிக்காரன்தான், சந்தேகமில்லை. ஆனால் அதைப் பள்ளிக்கு எப்படிப் புரியவைப்பது?

இன்னொன்று. பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழி ஆங்கிலம் என்று எழுதிவிட்டோம். தமிழ் என்று எழுதினால் இஎஸ்எல் வகுப்பில் (ஆங்கிலம் தாய்மொழியல்லாத பிள்ளைகளுக்கான துணை வகுப்பு) உட்கார வைத்துவிடுவார்கள் என்று ஒரு தோழி சொன்னாள். அதனால் ஏதாவது பாதிப்பு வந்திருக்குமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வர்ஜீனியா

பதில்: அம்மா, இதைப் படித்து முடித்ததும் அந்தக் கடிதத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள். வர்ஜீனியா மாநிலத்தின் கிஃப்டட் கல்வி விதிகளின்படி, முடிவு உங்கள் கைக்குக் கிடைத்ததிலிருந்து பள்ளி நடக்கும் 10 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். சனி, ஞாயிறும் விடுமுறையும் இந்தக் கணக்கில் வராது. உங்கள் பள்ளி மாவட்டம் கடைசித் தேதியைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தால் அந்தத் தேதியையே பிடித்துக்கொள்ளுங்கள். கோப்பு தயாராக நாளாகும் என்றால், மேல்முறையீடு செய்யப்போகிறோம் என்று இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

அதே விதிகள் உங்களுக்கு வேறு சில உரிமைகளையும் தருகின்றன. பொறுப்பான அதிகாரியைச் சந்தித்து, முடிவு ஏன் இப்படி வந்தது என்று கேட்கலாம். மேல்முறையீட்டைப் பார்க்கும் குழுவில் பெரும்பான்மையினர் முதல் குழுவில் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். ஒரே ஒரு மதிப்பெண்ணை வைத்து எந்தக் குழந்தையையும் சேர்க்கவும் கூடாது, ஒதுக்கவும் கூடாது. நம்மவர்கள் பலர் அந்தச் சந்திப்பைக் கேட்பதற்கே கூச்சப்படுகிறார்கள். தயவுசெய்து கூச்சப்படாதீர்கள். அது நீங்கள் கேட்டுப் பெறும் சலுகை இல்லை, விதியில் உள்ளது.

இனி அந்த ‘8ஈ (வி–)’ பற்றி. உங்கள் மகனைப் பற்றி அந்தக் கடிதம் சொல்லும் மிக முக்கியமான செய்தி அதுதான். அதை விளக்காமல் அனுப்பியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கோகாட் தேர்வில் மூன்று பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் சராசரி 100. வயதொத்த குழந்தைகளோடு ஒப்பிட்டு ஒவ்வொரு பகுதிக்கும் 1 முதல் 9 வரை ஒரு படி தருவார்கள். மூன்று படிகளில் நடுவில் நிற்பதுதான் உங்கள் மகனுக்குப் போட்டிருக்கும் 8. பின்னால் வரும் எழுத்து மூன்று பகுதிகளுக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வைச் சொல்கிறது. மூன்றும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தால் ‘ஏ’. மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் 24 புள்ளிகளோ அதற்கு மேலோ இடைவெளி இருந்தால் ‘ஈ’. உங்கள் மகனுக்கு 131க்கும் 101க்கும் நடுவே 30 புள்ளிகள். ‘வி–’ என்றால் மொழிப் பகுதி மற்ற இரண்டையும்விட வெகுவாகத் தாழ்ந்திருக்கிறது என்று பொருள்.

இப்படி ஏற்றத்தாழ்வு உள்ள குழந்தைக்கு மொத்த மதிப்பெண் எதையும் சொல்வதில்லை. எண் பகுதியில் 131 என்றால் 97ஆம் பெர்சென்டைல், அதாவது நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 97 பேருக்கு மேலே நிற்கிறான். மொழிப் பகுதியில் நடுவில் நிற்கிறான். இரண்டையும் கலந்து 121 என்று ஒரு எண்ணைச் சொல்லும்போது, அந்த 121க்கு உரிய குழந்தை உங்கள் வீட்டில் இல்லவே இல்லை. மேல்முறையீட்டில் நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்: ‘மொத்த மதிப்பெண்ணை வைத்துப் பார்க்காதீர்கள், பகுதி பகுதியாகப் பாருங்கள்.’

மொழிப் பகுதி ஏன் தாழ்ந்தது என்ற கேள்விக்குப் பதில் உங்கள் கடிதத்தின் கடைசியில், ஏதோ சேர்த்துச் சொன்னதுபோல, இருக்கிறது. இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கான கோகாட்டில் பெரும்பாலும் படங்கள்தான். ஆனால் மொழிப் பகுதியின் ஒரு பிரிவில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லப்படும். குழந்தை அதைக் காதால் கேட்டுச் சரியான படத்தைக் குறிக்க வேண்டும். ‘வாசலில் விழுந்த பனியை அள்ளித் தள்ள எது வேண்டும்?’ என்று ஒரு கேள்வி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள் (உதாரணத்துக்காக நானே சொல்வது). கோவையில் ஐந்து வயதுவரை வளர்ந்த பிள்ளைக்கு விடை தெரியாமல் போனால் அது அறிவுக் குறைவா? அந்தச் சொல்லை அவன் இன்னும் கேட்டதில்லை, அவ்வளவுதான். தேர்வை உருவாக்கியவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் சிறு குழந்தைகளுக்கு அந்தப் பிரிவை விட்டுவிட்டு மற்றப் படப் பிரிவுகளை மட்டும் வைத்து மொழி மதிப்பெண் கணக்கிடும் வழியைத் தேர்விலேயே வைத்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் மகன் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவன் என்பது பள்ளிக்கு எப்படித் தெரியும்? படிவத்தில் வீட்டு மொழி ஆங்கிலம் என்றல்லவா இருக்கிறது!

உங்களைக் கடிந்துகொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. நம் குடும்பங்களில் எத்தனையோ பேர் இதே பயத்தில் இதையே எழுதுகிறார்கள். ஆனால் அந்தப் பயத்துக்கு அடிப்படையே இல்லை. வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைக்குப் பள்ளி ஆங்கிலத் தேர்வு வைக்கும்; வர்ஜீனியாவில் அது ‘வீடா’ எனப்படும் தேர்வு. துணை வகுப்பு தேவை என்று முடிவு வந்தாலும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை பெற்றோருக்கு உண்டு. மறுத்த பிறகும் அவனுடைய ஆங்கிலம் முழுமையாகத் தேறும்வரை ஆண்டுதோறும் அதைச் சோதித்துப் பார்க்கும் கடமை பள்ளிக்கு இருக்கிறது. உண்மையை எழுதியிருந்தால் நீங்கள் எதையும் இழந்திருக்க மாட்டீர்கள்.

இப்போது என்ன செய்வது? பள்ளி அலுவலகத்துக்குப் போய்ப் படிவத்தைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். வீட்டில் தமிழ் பேசுகிறோம், மகன் இந்தியாவிலிருந்து வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன, ஆங்கிலத்தை மதிப்பிடுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மதிப்பீட்டில் அவனுடைய ஆங்கிலம் முழுமையாகத் தேறிவிட்டது என்று வந்தால், மொழிதான் காரணம் என்ற வாதத்தை அதற்குமேல் நீட்டாதீர்கள். அவன் எங்கே நிற்கிறானோ அதை மட்டும் சொல்லுங்கள். குழு உங்களை நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை போய்விட்டால் கோப்பில் உள்ள மற்றதும் எடுபடாது.

அடுத்தது கோலம். உங்கள் கடிதத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் அதுதான். இத்தகைய தேர்வுக் குழுக்களில் நானும் இருந்திருக்கிறேன். மேசைமேல் கோப்புகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சில நிமிடங்கள். அபாகஸ் சான்றிதழ் கோப்புக்குக் கோப்பு வரும். மேல் வகுப்புப் பயிற்சித்தாளும் வரும். குழந்தைக்கு யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்பதற்கு மேல் அவை எதையும் காட்டுவதில்லை. குழு தேடுவது யாரும் சொல்லிக்கொடுக்காமல் குழந்தையே கண்டுபிடித்ததை. அப்படி ஒன்று உங்கள் வீட்டு நோட்டில் இருக்கிறது. அதைப் பள்ளிக்குத் தேவையில்லாதது என்று நினைத்து வைக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

அவன் செய்தது என்ன என்று பாருங்கள். நேர்ப்புள்ளிக் கோலத்தில் நடு வரிசையில் 3 வைத்து 1 வரை இறக்கினால் 1, 3, 1. மொத்தம் 5 புள்ளி. நடுவில் 5 வைத்தால் 13. 7 வைத்தால் 1, 3, 5, 7, 5, 3, 1 என்று 25. 9 வைத்தால் 41. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு 8, 12, 16 என்று கூடுகிறது. கூடுவதே நான்கு நான்காகக் கூடுகிறது என்பதைப் பிடித்துக்கொண்டு, அடுத்து 20 கூட வேண்டும், ஆகவே 61 என்று சொல்லியிருக்கிறான். பாட்டி 11 புள்ளிக் கோலம் போடுவதற்கு முன்பே! ஏழெட்டு வயதில் வரிசையின் வித்தியாசத்தையும் அந்த வித்தியாசத்தின் வித்தியாசத்தையும் பார்த்திருக்கிறான். இன்னொன்றும் சொல்கிறேன், அவனிடம் கேட்டுப் பாருங்கள்: 25 என்பது 16உம் 9உம். 41 என்பது 25உம் 16உம். 61 என்பது 36உம் 25உம். அடுத்தடுத்த இரண்டு சதுர எண்களின் கூட்டல். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ஏன் அப்படி வருகிறது என்று அவனாகக் கோலத்திலேயே கண்டுபிடித்தால் அதையும் அவன் கையெழுத்திலேயே வையுங்கள். கண்டுபிடிக்காவிட்டால் 61 போதும், அதுவே நிறைய.

அந்த நோட்டின் பக்கங்களை அப்படியே நகலெடுங்கள். அழித்து எழுதியது, கோணல்மாணலான புள்ளி, தமிழில் எழுதிய குறிப்பு எதையும் திருத்தாதீர்கள். அழகாக மறுபடி எழுதவைத்தால் அது உங்கள் வேலையாகிவிடும். கூடவே அரைப் பக்கத்தில் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதுங்கள்: கோலம் என்றால் என்ன, புள்ளி எப்படி வைப்பார்கள், எந்த மாதம், யார் கூட இருந்தார்கள், அவன் என்ன கேட்டான், என்ன சொன்னான். தமிழில் அவன் சொன்ன வாக்கியத்தை மொழிபெயர்த்துத் தாருங்கள். பாட்டி என்ன கேட்டார் என்பதையும் சேர்க்கலாம். எத்தனை பக்கம் ஏற்பார்கள் என்பதைப் படிவத்தில் பார்த்து அதற்குள் நிறுத்துங்கள்.

மேல்முறையீட்டுக் கடிதம் ஒரு பக்கம் போதும். மூன்று செய்திகள் அதில் இருக்க வேண்டும்: மதிப்பெண்ணின் ஏற்றத்தாழ்வு, வீட்டு மொழி, முதல் கோப்பில் இல்லாத புதிய சான்று. ஏற்கெனவே கொடுத்ததையே திரும்பக் கொடுத்தால் முடிவு மாற வழியில்லை. நண்பனின் பெயரோ அவனுடைய மதிப்பெண்ணோ கடிதத்தில் வரவே கூடாது. வகுப்பு ஆசிரியரைக் குறை சொல்லும் வரி ஒன்றுகூட வேண்டாம். நாளைக் காலையும் உங்கள் மகன் அவர் வகுப்பில்தான் உட்காரப்போகிறான். ‘மகனுக்கு வகுப்பில் சலிப்பாக இருக்கிறது’ என்று எழுதுவதற்குப் பதிலாக, வகுப்பில் இரண்டிலக்கக் கூட்டல் நடந்த வாரத்தில் வீட்டில் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று எழுதுங்கள். ஆசிரியரிடமே போய், கணக்கில் அவனிடம் நீங்கள் கவனித்தது ஏதாவது உண்டா, இரண்டு வரி எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு எழுதித் தருவார்கள்.

தனியாரிடம் ஐக்யூ தேர்வு எழுதவைக்கலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். உரிமம் பெற்ற உளவியலாளர் வைக்கும் விஸ்க் தேர்வைப் பல பள்ளி மாவட்டங்கள் ஏற்கின்றன. ஆனால் அதற்குச் சில நூறு டாலர்கள் ஆகும், எல்லாக் குடும்பத்தாலும் முடியாது. உங்கள் மாவட்டம் ஏற்குமா என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்டுங்கள். உங்கள் மகன் விஷயத்தில் நோட்டும் மொழி மதிப்பீடும்தான் முதலில் வர வேண்டும் என்பது என் கருத்து.

மகனுக்கு என்ன சொல்வது? தேர்வின் ஒரு பகுதியில் ஆங்கிலச் சொற்கள் நிறைய வந்தன, அவற்றை நீ இப்போது கற்றுக்கொண்டிருக்கிறாய், பள்ளியிடம் இன்னொரு முறை பார்க்கச் சொல்லிக் கேட்கப்போகிறோம் என்று சொல்லுங்கள். நண்பனைப் பற்றி அவன் கேட்டால், அவனுக்குக் கிடைத்தது நல்ல விஷயம் என்று மனதாரச் சொல்லுங்கள். தொலைபேசியில் உறவினரிடம் நீங்கள் புலம்புவதை அவன் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆறுதல் வார்த்தையைவிட அந்தப் புலம்பல்தான் பிள்ளையின் காதில் நிற்கும்.

மேல்முறையீட்டிலும் இல்லை என்று வரலாம். அப்படி வந்தால் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். அடுத்த ஆண்டு மறுபடி பரிந்துரைக்கக் கடைசி நாள் எது? அதுவரை கணக்கில் மட்டும் அவனுக்கு மேல்நிலைப் பாடம் கொடுக்க முடியுமா? ஒரே பாடத்தில் முன்னே நிற்கும் குழந்தைக்கு அந்தப் பாடத்தில் மட்டும் கூடுதல் பாடம் தரும் ஏற்பாடு பல பள்ளிகளில் உண்டு. கேட்பவர்கள் குறைவு.

கேள்வி: மகள் முதல் வகுப்பு. அடுத்த ஆண்டு கோகாட் வரும் என்பதால் இப்போதே கோச்சிங்கில் சேர்த்துவிடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

— ஒரு தந்தை, நியூஜெர்சி

பதில்: வேண்டாம். கேள்வி எப்படி இருக்கும், விடையை எப்படிக் குறிக்க வேண்டும் என்று பள்ளி தரும் மாதிரித் தாளை ஒரு முறை பார்க்கட்டும், பயம் தெளியும். அதற்கு மேல் மாதக்கணக்கில் படப் புதிர்களைப் போட்டுப் போட்டுப் பழக்கினால் மதிப்பெண் ஏறலாம். பிறகு அந்த மதிப்பெண்ணை நம்பி ஒரு வகுப்பில் உட்காரப்போவது உங்கள் மகள்தான். அங்கே புதிர் வராது, நாள்தோறும் பாடம் வரும். கோச்சிங்குக்குச் செலவிடும் மாலைகளில் நூலகத்துக்கு அழைத்துப்போங்கள். அவள் எந்தப் புத்தகத்தை எடுத்தாள், அதைப் பற்றி என்ன கேட்டாள் என்று தேதி போட்டுக் குறித்துவையுங்கள். பரிந்துரை எழுதும் நாள் வந்தால் அந்தக் குறிப்புகள் கைகொடுக்கும்.

கேள்வி: பென்சில்வேனியாவில் இருக்கிறோம். மகள் நான்காம் வகுப்பு. பள்ளி உளவியலாளர் வைத்த விஸ்க் தேர்வில் 127 வந்தது. 130 இருந்தால்தான் கிஃப்டட் என்று சொல்லிவிட்டார்கள். வேகமாகச் செய்யும் பகுதியில் மட்டும் 95. அவள் எதையும் நிதானமாக, அழகாக எழுதுகிறவள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

— ஒரு தாய், பென்சில்வேனியா

பதில்: செய்ய முடியும் அம்மா. உங்கள் மாநிலத்தில் பெற்றோருக்குப் பிடிமானம் அதிகம். கற்றல் குறைபாடோ உடல் குறைபாடோ உள்ள குழந்தைகளுக்கு அமெரிக்க மத்தியச் சட்டம் உரிமை தருவதுபோல கிஃப்டட் குழந்தைகளுக்குத் தருவதில்லை. அதனால் மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை வேறு. பென்சில்வேனியாவில் ‘அத்தியாயம் 16’ என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. ஐக்யூவை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்றும், 130க்குக் குறைந்தாலும் மற்றச் சான்றுகள் வலுவாக இருந்தால் சேர்க்கலாம் என்றும் அது சொல்கிறது. உங்கள் மகளுக்காகவே எழுதியதுபோல இன்னொரு வரியும் உண்டு: நினைவாற்றலிலோ செயல் வேகத்திலோ உள்ள குறைவை மட்டுமே காரணமாக்கி ஒரு குழந்தைக்குத் தகுதியில்லை என்று சொல்லக் கூடாது.

உளவியலாளரிடம் ‘ஜிஏஐ’ எனப்படும் பொது ஆற்றல் மதிப்பெண்ணைக் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். அது வேகத்தையும் குறுகிய கால நினைவையும் விலக்கிவிட்டு, சிந்தனைத் திறனைப் பார்க்கும் பிரிவுகளை மட்டும் கூட்டுவது. மகள் மறுபடி தேர்வு எழுத வேண்டியதில்லை, கையிலுள்ள மதிப்பெண்களே போதும். அதோடு அவளுடைய எழுத்து, வாசிப்பு, பள்ளித் தேர்வு மதிப்பெண்களையும் வைத்து, மறுபரிசீலனை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அதற்கும் ஒப்புக்கொள்ளாவிட்டால், பள்ளி தரும் முடிவு அறிவிப்பில் ‘ஏற்கவில்லை’ என்று குறித்துக் கையெழுத்திட்டு, சமரசப் பேச்சோ முறையான விசாரணையோ கோரலாம். மாநிலத்தின் தகராறு தீர்வு அலுவலகம் சமரசத்துக்கு நடுவரை அனுப்பும், அதற்குக் கட்டணம் கிடையாது. முதலில் சமரசத்தைக் கேளுங்கள்; வழக்கறிஞரைத் தேட வேண்டிய தேவை இப்போது இல்லை. கூட்டத்துக்குப் போகும்போது அவள் நிதானமாக எழுதிய கட்டுரை ஒன்றையும், நேரம் வைத்து எழுதிய கட்டுரை ஒன்றையும் சேர்த்து எடுத்துப்போங்கள்.